முற்றத்தில் எரிந்த கட்டை

யுத்தம் முற்றியிருந்த காலம். அம்பிட்டியவில், சிங்களவர் குடியிருந்த எங்கள் தெருவில் நாங்கள் மட்டும்தான் தமிழர். கராஜில் வேலை பார்த்த என் கணவர், ஹோட்டல்களில் மிஞ்சும் பழைய எண்ணெயைக் காய்ச்சி டீசல் எடுப்பார். அடியில் தங்கும் கிளிசரின் கசடை மரத்தூளோடு பிசைந்து, பிளாஸ்டிக் குழாய்களில் இறுக்கி அடுப்புக் கட்டை செய்வார். அது மெதுவாக எரியும் என்பதில் அவருக்குப் பெருமை. அயலாரும் வாங்கிப்போவார்கள்.

ஒருநாள் சோதனைக்கு வந்த பொலிஸ்காரர்கள் அந்தக் குழாய்களைக் கண்டதும் குண்டென்று நினைத்துப் பின்வாங்கினார்கள். "ஒன்றைப் பற்றவை. எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே இரு" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் சொன்னார்.

"நீ கிட்ட வராத. புள்ளையப் பாத்துக்க" என்றார் கணவர்.

முற்றத்து அடுப்பில் கட்டை எரிந்தது. அதில் சமைத்துச் சாப்பிட்ட அயலார்கூடத் தள்ளி நின்றார்கள். சீக்கிரம் எரிந்து தொலையாதா என்று தவித்தேன்.

அப்போது எதிர்வீட்டு குசுமா நோனா தண்ணீர்க் கேத்தலோடு வந்து, அதை அடுப்பில் வைத்து, என் கணவருக்குப் பக்கத்தில் குந்தினார். "நான் தினமும் இதில்தான் தேத்தண்ணி வைக்கிறேன், மாத்தயா" என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்.

அது பொய். கட்டை நாறுகிறது என்று எங்களோடு சண்டை பிடித்தவர் அவர்.

கட்டை சாம்பலான பிறகும் என் கணவரைக் கொண்டுபோனார்கள். பல வாரங்கள் கழித்துத் திரும்பியவரால் வலது கையைத் தூக்க முடியவில்லை.

ஆனாலும் என் காதில் நிற்பது வேறொன்று. கேத்தலின் பிடியைக் குசுமா நோனா விடவேயில்லை. தண்ணீர் சூடாகும் முன்பே அதன் மூடி கடகடவென்று ஆடியது. எங்களை நம்பி அவர் வரவில்லை. வெடித்துவிடும் என்று பயந்துகொண்டேதான் அங்கே உட்கார்ந்திருந்தார்.