மீட்டரில் சைபர் வந்த காலை

சாயப்பட்டறை லேபில் பதினெட்டு வருஷம் லேப்-டிப் போட்டவன் நான். பையர் அனுப்பும் துணித்துண்டின் நிறத்துக்கு நம் துணியை மேட்ச் செய்யும் வேலை. வீரபாண்டியில் அந்த யூனிட்டை மூடியதும், ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் லேப் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தேன். புதிதாக லேப் வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாதி விஷயம் எனக்கே இன்னும் புரியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. முதல் நாள்

பேராசிரியர் மாத்திரை அளவில் ஒரு கறுப்பு வில்லையைக் கையில் கொடுத்தார். அதற்குப் பெயர் பெல்லட்.

"இது சூப்பர்கண்டக்டர், பழனிச்சாமி. நல்லாக் குளிர வெச்சா இதுல கரண்ட் கொஞ்சங்கூடத் தடையில்லாமப் போகும்."

"போகுதுன்னு எப்படிங்க சார் தெரியும்?"

"மீட்டர்ல சைபர் வரும்."

எனக்குத் தலை சுற்றியது. பட்டறையில் மீட்டர் சைபர் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். இங்கே கை தட்டுகிறார்கள்! சார் விளக்கினார்: பெல்லட்டில் நாலு வயர். வெளி இரண்டில் கரண்ட் விடுவார்கள், உள் இரண்டில் வோல்டேஜ் பார்ப்பார்கள். தடை இல்லாவிட்டால் வோல்டேஜும் இல்லை. புரிந்தவன் மாதிரி தலையாட்டி வைத்தேன். கடைசியில், குளிரக் குளிரத் தடை எப்படி மாறுகிறது என்று வரைந்த ஒரு கிராஃபைக் காட்டி, "கோடு இப்படிச் சடார்னு கீழ விழோணும்" என்றார். அப்பாடா, மேட்ச் செய்ய ஒரு ஸ்டாண்டர்ட் கிடைத்துவிட்டது என்று நிம்மதியானேன்.

2. எட்டாவது பெல்லட்

அங்கே ஆராய்ச்சி செய்த ஸ்டெல்லா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அம்மா இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார்; பெட்டியில் கட்டி அனுப்பும் முன் பனியனில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மூன்று வருஷமாக ஒரு புதுக் கலவையில் அந்தப் பிள்ளை பெல்லட் செய்துகொண்டிருந்தது. அது சூப்பர்கண்டக்டர் ஆனால்தான் டாக்டர் பட்டம் என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளைக்கும் அந்தப் பயம் இருந்தது.

எட்டு பெல்லட்டை எட்டு விதச் சூட்டில் வேகவைத்து, நம்பர் போட்ட கவர்களில் கொடுத்து, "அளந்து வையிங்க அண்ணாச்சி" என்று வகுப்பெடுக்கப் போய்விட்டது. சில்வர் பேஸ்ட்டால் வயரை ஒட்டி, திரவ நைட்ரஜனில் இறக்கி, தினம் ஒன்றாக அளந்தேன். ஏழு நாளும் கோடு விழவே இல்லை.

பட்டறையில் மேட்ச் ஆகாத டிப்பை யாரும் முதலாளியிடம் காட்ட மாட்டோம். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, மேட்ச் ஆனதை மட்டும் கார்டில் ஒட்டுவோம். இங்கேயும் அதையேதான் செய்தேன். ஏழையும் துடைத்து ஒரே டப்பாவில் போட்டேன். நோட்டில் ஒரு வரி எழுதவில்லை. ஸ்டெல்லா கேட்டால், "பாத்துட்டே இருக்கறனுங்க அம்மணி" என்பேன். ஒன்றுகூடத் தேறவில்லை என்று சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

எட்டாம் நாள் கோடு சடாரென்று விழுந்தது. சைபர்! ஸ்டெல்லா ஓடிவந்து பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டது. சார், "எழுதி வெச்ச கட்டுரைய இன்னிக்கே ஜர்னலுக்கு அனுப்பிப்போடலாம்" என்று தன் அறைக்குப் போனார். நான் மிதப்பில் வாயை விட்டேன்.

"எட்டாவதுலதானுங்க அம்மணி மேட்ச் ஆச்சு."

"மிச்சம் ஏழு ரீடிங் எங்க அண்ணாச்சி?"

"அதெல்லாம் ரிஜெக்ட்டுங்களே. தொடச்சுப் போட்டுட்டனுங்க."

அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

3. தூக்கி நின்ற வயர்

ஸ்டெல்லா பெல்லட்டை வெளியே எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தது. குளிரில் பேஸ்ட் விரிசல் விட்டு, வெளி வயர் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது.

"கரண்டு தடையில்லாமப் போனாலும் சைபர்தான். கரண்டே போகலைன்னாலும் சைபர்தான் அண்ணாச்சி."

"அப்ப ரெண்டுக்கும் என்னதானுங்க வித்தியாசம்?"

"வயரப் பாக்கணும்."

சார் அறைக்கு ஓடினேன். மெயில் இன்னும் போகவில்லை. "என் தப்புங்க சார்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். சார் லேப்டாப்பை மூடினார்.

"இது போயிருந்தா அந்தப் புள்ளைய இனி யாரு நம்புவாங்க, பழனிச்சாமி?" அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான் திரும்பி வந்தபோது ஸ்டெல்லா அம்மாவிடம் மறுபடி பேசிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"யாருக்காச்சும் அனுப்பிட்டியாட்டி?"

"இல்லம்மா."

"பெட்டி கட்டுறதுக்கு முன்னாலயே கண்டுபிடிச்சிட்டேல்லா? பெறவு என்னத்துக்கு அழுத?"

ஸ்டெல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டது. "அந்த ஏழும் எனக்கு ஞாபகம் இருக்குதுங்க அம்மணி, எழுதித் தரட்டுங்களா?" என்று கேட்டேன். ஞாபகத்திலிருந்து ரீடிங் எழுதக் கூடாது என்றது. டப்பாவில் ஏழும் கலந்து கிடந்ததால் எது எந்தச் சூட்டில் வெந்தது என்று தெரியவில்லை. எட்டையும் புதிதாகச் செய்தோம், வயரைப் பார்த்துப் பார்த்து அளந்தோம். எதிலும் கோடு விழவில்லை. அதையே ஆய்வேட்டில் எழுதி, பட்டமும் வாங்கிவிட்டது.

எனக்குக் குழப்பம் தீரவில்லை. "வராததுக்கு எப்படிங்க அம்மணி பட்டம் குடுத்தாங்க?"

"இனி வேற யாரும் இந்தக் கலவைக்கு மூணு வருசத்தத் தொலைக்க வேண்டாம்லா அண்ணாச்சி."

அந்த நோட்டில் எட்டு இடத்தில் 'விழவில்லை' என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் சர்வீஸில் வேறு எதற்கும் அவ்வளவு தெம்பாகக் கையெழுத்துப் போட்டதில்லை.