ஆளுநர் கண் படாத கம்பி

எங்கள் துறைமுகத்தில் மெஸியான் பெயின்ட் அடிக்காத இரும்பு கிடையாது. அவர் அடித்த பெயின்ட் தங்கிய இரும்பும் கிடையாது.

இதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை. நகராட்சியில் தினக்கூலியாகச் சேர்ந்த காலத்திலேயே தொழிலின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. ஆளுநர் வந்தால்தான் எங்கள் ஊருக்குப் பெயின்ட் வரும். அதுவும் ஆளுநரின் கார் போகும் பக்கத்துக்கு மட்டும். விளக்குக் கம்பங்கள் சாலைப் பக்கம் மினுங்கும், கடல் பக்கம் துருப்பிடித்துக் கிடக்கும்.

"அவரு பத்து நிமிஷம் இருப்பாரு. பெயின்ட் கால்மணி நேரம் தாங்கினா போதும். அந்த அஞ்சு நிமிஷம் நான் ஊருக்குப் போடற தர்மம்" என்பார் காபிக் கடையில். அல்ஜீரியாவில் வேறு எந்தப் பெயின்டருக்கும் இவ்வளவு தாராள மனசு இருந்திருக்காது.

அவர் மனைவி வர்தியா மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். ஓரான் நகரத்திலிருந்து அவளுடைய அக்கா வந்திருந்தபோதுதான் வினை வந்தது.

அன்று சாப்பாட்டின்போது வர்தியா சொன்னாள்: "உன் வீட்டுக்காரர் அடிச்சது எதுன்னு காட்டுடின்னு அக்கா கேட்டா. துறைமுகம் முழுக்க நடந்தோம். கடைசியில ஒரு குப்பைத் தொட்டியைக் காட்டினேன். அதுவும் பாம்புச் சட்டை மாதிரி உரிஞ்சு தொங்குது."

"உப்புக் காத்து" என்றார் மெஸியான்.

"உப்புக் காத்து மேல பழி போடாதீங்க. எனக்குக் காட்டறதுக்கு ஒண்ணு வேணும். ஒரே ஒண்ணு."

மீன் முள் தொண்டையில் குத்தியதுபோல அந்தப் பேச்சு அவருக்குள் நின்றுவிட்டது.

அந்த வாரமே படகுத் துறை நெடுக நிறுத்தப் புதிய கம்பி வேலி வந்து இறங்கியது. துத்தநாகம் பூசிய கம்பி, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அந்தப் பளபளப்பை நம்பி நேராகப் பெயின்ட் அடித்தால் பிடிக்காது. பள்ளிக்கூட வேலிக்கு அவர் அப்படித்தான் அடித்தார். பிள்ளைகள் உள்ளங்கை நீலத்தோடு வீட்டுக்குப் போனார்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வினிகரால் கழுவி, அலசிக் காயவிட்டு, பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்து, அது காய்ந்த பிறகே நிறம் கொடுக்க வேண்டும். மெஸியானுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததைச் செய்யும்படி இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.

இந்த முறை செய்தார். படகுத் துறை முழுக்க வினிகர் நாற்றம். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களுக்குப் பொழுது நன்றாகப் போயிற்று.

"மெஸியான் அண்ணே, ஆளுநரை ஊறுகாய் போடப் போறீங்களா?"

"அவரு ஏற்கெனவே ஊறினவருதான். நீ வலையைப் பாரு."

நகராட்சித் தலைவர் பென்யூசெஃப் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். மங்கிக் கிடந்த கம்பியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கே? பளபளப்பு எங்கே?"

"பளபளப்பு செத்தாதான் தலைவரே பெயின்ட் பிடிக்கும்."

"பளபளப்புக்குத்தானேய்யா காசு குடுத்தோம்! சனிக்கிழமை ஆளுநர் வராரு. நீலம் அடி, நீலம்!"

"சனிக்கிழமைக்குள்ள நீலம் ஆயிடும். இந்தத் தடவை உரியாது."

"உரியாம என்னய்யா பண்ணப் போறோம்?" என்றார் தலைவர். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

ஆளுநர்கள் தாமதமாக வருவார்கள் என்பதை நம்பித்தான் எங்கள் ஊரே நடக்கிறது. இந்த ஆளுநர் வியாழக்கிழமையே வந்து நின்றார். துறை முழுக்கச் சாம்பல் நிறப் பிரைமர். தலைவரின் முகமும் அதே நிறம். ஆளுநர் கம்பியைத் தடவிப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை.

"எந்த ஊருக்குப் போனாலும் நீலம். கண்ணே வலிக்குது. இங்கதான் ஒரு அடக்கம் தெரியுது. யாரு யோசனை?"

"என்னோடதுதான் ஐயா. ரொம்ப நாள் யோசிச்சேன்" என்றார் தலைவர்.

"ஐயா, இது பிரைமர். இதுக்கு மேலதான்..." என்று மெஸியான் ஆரம்பித்தார். தலைவரின் செருப்பு அவர் கால்விரலில் ஏறியது.

"பிரைமரா? நிறத்துக்குப் பேரு கூட அழகா வெச்சிருக்கீங்க" என்றார் ஆளுநர்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மாகாணத்தின் எல்லாத் துறைமுகங்களுக்கும் அதே சாம்பல். அதன்மேல் வேறு நிறம் அடிப்பது குற்றம். நகராட்சியின் நீல டப்பாக்களை அறையில் வைத்துப் பூட்டினார்கள். சாம்பலைக் கண்டுபிடித்த ஊரின் பெயின்டர் என்பதால் மெஸியானுக்கு வேலையும் நிரந்தரமானது.

"நிரந்தரமாயிட்டேன்" என்றார் வீட்டில்.

"கம்பி?"

"அது அரைகுறையாத்தான் நிக்கணுமாம். அரசாங்க உத்தரவு."

வர்தியா சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "வேலையை முடிக்காததுக்கு நிரந்தரமான ஆளு இந்த நாட்டுல நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

"ஒருத்தனா? நகராட்சிக்கு வந்து பாரு" என்றார் மெஸியான். ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மீன் சந்தையின் பனிக்கட்டிக் கொட்டகைக்குப் பின்னால் வேலி கொஞ்ச தூரம் வளைந்து போய் முடிகிறது. மீன் கழிவு கொட்டும் இடம். எந்த ஆளுநரின் காரும் அங்கே திரும்பாது. வெள்ளிக்கிழமை எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் மெஸியான் வீட்டில் மிச்சமிருந்த நீல டப்பாவோடு அங்கே போனார். முன்பக்கம், பின்பக்கம், கடல் பக்கம், குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் அடிப்பக்கம், எல்லாவற்றுக்கும் அடித்தார். காயவிட்டு, மறுநாள் இரண்டாவது பூச்சும் கொடுத்தார். வாழ்நாள் முழுக்க ஆளுநர் பார்க்கும் பக்கத்துக்கே பெயின்ட் அடித்தவர், பார்க்க முடியாத பக்கத்தில் ஒரு வேலையை முடித்தார்.

மழைக்காலம் அடித்து ஓய்ந்தது. சாம்பல் வெளுத்துப் பொடியாக உதிர, மெஸியான் உத்தரவுப்படி அதன்மேலேயே மறுபடி சாம்பல் அடித்தார். பெருநாளுக்கு அக்கா வந்தபோது வர்தியா அவளை நேரே கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். இருவரும் முக்காட்டு நுனியால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்கள். வர்தியா நீலத்தை நகத்தால் அழுத்திச் சுரண்டினாள். நகம்தான் உடைந்தது.

இரவுச் சாப்பாட்டில் அவள் அந்த உடைந்த நகத்தைப் புருஷனிடம் காட்டினாள். பிறகு சட்டியிலிருந்த மத்தியில் பெரியதாகப் பார்த்து எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.