பூட்டிய அறையிலிருந்து தப்பிய கப்டன்

மஹய்யாவவில் இருந்த எங்கள் வீட்டில் ஞாயிறு மாலைகளில் டிவியில் விண்வெளித் தொடர் பார்ப்போம். நான் மட்டும் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்து, அதிலுள்ள பிழைகளைத் தேதி, நேரத்தோடு குறித்துவைப்பேன். ஒரு வாரம் கப்டனின் காயம் இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறியது. அதைவிடப் பெரிய ஓட்டை, பூட்டிய அறையில் அடைபட்டுக் கிடந்த அதே கப்டன் அடுத்த காட்சியில் விண்கலத்தை ஓட்டியது. நேயர் கடித நிகழ்ச்சியில் வாசிப்பார்கள் என்ற ஆசையில் இரண்டு பக்கம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு, மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஏங்க, நடுவுல கரண்ட் போச்சே! கால் மணி நேரம் நீங்கதானே குப்பி லாம்பத் தேடிக்கிட்டு இருந்தீங்க? அந்த நேரம் அவன் தப்பிச்சிருப்பான்."

கொப்பியைப் புரட்டினேன். கரண்ட் போன நிமிடமும் வந்த நிமிடமும் என் கையெழுத்திலேயே இருந்தன. அதன்பின் பல வாரங்கள், கடிதத்தை வாசித்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு அந்த நிகழ்ச்சியை ஒன்று விடாமல் பார்த்தேன்.