ஆம்ப்ளிஃபயருக்கு விசிறியவள்

எங்கள் வீட்டில் என்னைவிடச் செல்லமாக வளர்ந்தது ஒரு ஆம்ப்ளிஃபயர். அப்பா மைக் செட் வைத்திருந்தார். பழைய அம்பாசிடர் காரின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி, கார் பேட்டரியிலேயே ஓடுகிற அந்தப் பெட்டியை முன்சீட்டுக்கு அடியில் வைத்து, கச்சிராயபாளையத்திலிருந்து வடக்கனந்தல் வரை சினிமா விளம்பரம், மாதா கோவில் திருவிழா, தேர்தல் என்று எதற்கும் போவார். மைக்கில் பேசுகிறவர் அம்மா. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்கிற குரல் அது. கடைசியில் உட்கார்ந்து தூங்குகிறவர்கூட நிமிர்ந்துவிடுவார். யாராவது, “பேசறது ரெக்கார்டா?” என்று கேட்டுவிட்டால் அப்பாவுக்குத் தலைகால் புரியாது. அன்று இரவு எங்களுக்குப் புரோட்டா நிச்சயம்.

அந்தப் பெருமையெல்லாம் கடைசியில் பெட்டியின் தலையில் விடிந்தது. எங்கள் பக்கத்தில் ரேடியோ, தையல் மிஷின் என்று வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டுவிடுவோம். அம்மா ஆம்ப்ளிஃபயருக்குச் சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை வைத்து உறை தைத்தார். அப்பா தன் பங்குக்கு, குலுங்கி அடிபடக் கூடாதென்று அடியில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டார். எஞ்சினுக்குப் பக்கத்தில், கம்பளிக்கும் வெல்வெட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பெட்டி கொதிக்காமல் என்ன செய்யும்? ஒரு முறை உள்ளே என்னவோ கருகி, விழுப்புரம் வரை ரிப்பேருக்குப் போய் வந்தது. அதிலிருந்து, கொஞ்சம் பேசினால் கொஞ்சம் நிறுத்த வேண்டும் என்று அப்பா சட்டம் போட்டார். உறையைக் கழற்றிப் பார்க்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. அந்த வாரம் சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. எனக்கு அது பண்டிகை மாதிரிதான் இருந்தது. எங்களுக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்க, கல்வராயன் மலையில் மட்டும் விடாத மழை. ஒரு நாள் காலையில் அணையில் வேலை செய்கிறவர் ஒருவர், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரங்களைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தார். கோமுகி அணை நிரம்பிவிட்டதாம். மதியம் தண்ணீரைத் திறந்துவிடப் போகிறார்களாம். ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்த ஜீப் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டதாம்.

“பஸ் ஓடாததால ஜனமெல்லாம் ஆத்துக்குள்ளதான் நடந்து போய்க்கினு கீது. ஆடு மாடு வேற மேயுது. மைக் வெச்ச வண்டி உங்களுது ஒண்ணுதான் இந்தப் பக்கம் மாட்டிக்கினு கீதுங்க” என்றார்.

அப்பா தயங்கியது கொஞ்ச நேரம்தான். தயக்கம் போவதைப் பற்றி அல்ல, பெட்டியைப் பற்றி. நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டு போக நேரமில்லை. நிறுத்தாமல் பேசினால் பாதி வழியில் அது கருகிவிடும். மீதி ஊர்களுக்குச் சேதி போகாது.

அம்மா காருக்குள் குனிந்து, தான் தைத்த உறையை உருவி வீசினார். பின்னாலேயே கம்பளியும் வந்து விழுந்தது. அடுக்களையிலிருந்து பாத்திரம் கவிழ்க்கிற கம்பிக்கூடையை எடுத்துவந்து பின்சீட்டில் கவிழ்த்தார். பெட்டியின் முதுகில் சூடு ஆறுவதற்காக இருந்த அலுமினியத் தகடுகளின் இடுக்கில் கீழிருந்து மேலே காற்று போகிற மாதிரி அதைக் கூடையின் மேல் நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டினார். கார்க் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டார்.

“இந்த வெயில்ல வெல்வெட்டு சட்ட போட்டா யாருக்குதான் வேர்க்காது?” என்றார், அதைத் தைத்தவர் வேறு யாரோ என்பது போல.

என் கையில் ஓலை விசிறி வந்தது. “விசிறிக்கினே இரு பாப்பா. அப்பப்ப கைய வெச்சிப் பாரு. ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் கை தாங்கினா ஒண்ணும் பயமில்ல. பாதியில கைய எடுத்துட்டியானா சொல்லு, நான் நிறுத்திடறேன்.”

கார் ஆற்றங்கரையோடு போயிற்று. ஆற்றில் இருப்பவர்கள் உடனே கரையேறும்படி அம்மாவின் குரல் கேட்டுக்கொள்ள, மூட்டைகளோடும் குழந்தைகளோடும் ஜனங்கள் மணலில் ஓடி வந்து ஏறினார்கள். நான் விசிறினேன், கை வைத்தேன், சொன்னேன், மறுபடி விசிறினேன். அவசரமாகச் சொல்லி ஏமாற்றக் கூடாதென்று ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்திச் சொன்னேன். அன்று மாதாவை என்னளவுக்குத் தொந்தரவு செய்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு முறைகூட என் கை பாதியில் விலகவில்லை.

அடுத்து வந்தது ஆற்றை ஒட்டிய பெரிய தெரு. அந்தத் தெருமுனைக்கு வந்தாலே அப்பா, “சூடு ஆறட்டும்” என்று சொல்லி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த மைக் சுவிட்சை அணைத்துவிடுவது வழக்கம். தெரு முழுக்க ஊமையாகப் போய், அந்தக் கோடியில் மறுபடியும் போடுவார். அன்றைக்கும் அவர் கை தன்னால் சுவிட்சுக்குப் போயிற்று.

முனையில் வெட்டிப் போட்டிருந்த மரத்தின் மேல் வாலிபர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், அப்பாவைவிட வயதில் எவ்வளவோ சின்னவர், “இன்னாப்பா, மைக்க நிறுத்து. எந்தத் தெருன்னு தெரியல?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தெரு தெரியாமலா அப்பா வண்டி ஓட்டுகிறார்?

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். “பாப்பா, சூடா கீதா?”

உள்ளங்கையை அழுத்தி வைத்து, அவ்வளவு பேருக்கும் கேட்கும்படி முழுசாகச் சொல்லி முடித்தேன். “இல்லம்மா. சூடே இல்ல.”

அம்மா அப்பாவின் விரல்களைச் சுவிட்சிலிருந்து எடுத்துவிட்டார். “இல்லியாம், கைய எடுங்க. தண்ணி இன்னா தெரு பாத்தா வரப்போவுது?” என்றார். மைக் வாய்க்கு நேராகவே இருந்ததால், அதை இரண்டு ஸ்பீக்கர்களும் தெருக்கோடி வரை சொல்லின.

 “என்னாத் தண்ணி?” என்று மரத்தின் மேலிருந்து ஒருவர் எழுந்தார். அணை திறக்கப் போவதை அம்மா மைக்கிலேயே சொன்னார். அதட்டிய வாலிபர், “எங்கம்மா ஆத்துலதான் மாடு மேச்சிக்கினு கீது” என்று குதித்து ஓடினார். மற்றவர்கள் மரத்தைப் பிடித்து இழுத்து வழிவிட்டார்கள். அப்பா வண்டியை மெதுவாக, மிக மெதுவாக ஓட்டினார். வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்று பார்க்க, எங்கள் அம்மாவின் குரல் அந்தத் தெரு முழுக்க ஒலித்தது. எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது.

மதியம் தண்ணீர் வந்தது. கரையோரத்து மோட்டார் கொட்டகை ஒன்று அடித்துக்கொண்டு போயிற்று. மனிதர் ஒருவரும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆம்ப்ளிஃபயரின் மேல் கையை வைத்தார். எத்தனையோ ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிக்கலாம், அவ்வளவு நேரம் கையை எடுக்கவே இல்லை. “எல்லாம் நீ விசிறின விசிறல்தான் பாப்பா” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அதை அப்படியே நம்பி, கோவிலிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அதற்குப் பிறகும் அந்தத் தெருவில் எங்கள் வண்டியை முறைத்துப் பார்த்தவர்கள் உண்டு. அப்பா அங்கே சுவிட்சை அணைத்தது மட்டும் அந்தக் காலையோடு நின்றுபோயிற்று. முனை வந்ததும் நான் கை வலிக்க இன்னும் வேகமாக விசிறுவேன். அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசுவார். அந்த இடத்தில் பெட்டி ஒரு நாளும் சூடாக இருந்ததில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.