குறுக்குக் கோடு

குடியிருப்பு அட்டை அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘கேன்சல் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். இறந்தவர்களின் அட்டையில் சிவப்பு மையால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவது அவள் வேலை. பதினாறு வருடமாக அதே நாற்காலி.

அவளுடைய தம்பி ஆங்கில வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கினான்.

“அக்கா, கேன்சல்ங்கிறது எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? லத்தீன்ல கம்பித் தடுப்புக்கு ஒரு பேரு, அதுலேர்ந்து. எழுதினது வேண்டாம்னா அது மேல கம்பி போட்ட மாதிரி கோடு கிழிப்பாங்களாம்.”

“அப்போ பதினாறு வருஷமா நான் எழுத்தையெல்லாம் கம்பி எண்ண வைக்கிறேன்னு சொல்லு.”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

மறுநாள் மேலதிகாரி ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். நாற்பத்திரண்டு அட்டைகள். எதிலும் இறப்புச் சான்றிதழ் இல்லை. எல்லாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஒரே தெருக்காரர்கள்.

“சார், சான்றிதழ்?”

“மேலேர்ந்து வந்தது. கோட்டைப் போடுங்கம்மா.”

நடுவில் தையல்காரரின் அட்டை இருந்தது. காலையில்தான் அவரிடம் சட்டைத் துணி கொடுத்துவிட்டு வந்திருந்தாள். நாற்பத்தொன்றில் கோடு போட்டாள்; அந்த ஒன்றை மட்டும் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, மதிய இடைவேளையில் அவர் கடைக்கு ஓடினாள்.

“அண்ணே, உங்க தெருவே கேன்சல் ஆயிருக்கு. இன்னிக்கே கிளம்புங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

“நான்தான் உசிரோட இருக்கேனேம்மா?”

“அதான் பயமா இருக்கு.”

அவர் மெஷினை நிறுத்தினார். வெட்டாத துணியை மடித்து அவளிடமே கொடுத்தார். மூன்று மணி பஸ்ஸில் மனைவியோடு ஏறிவிட்டார். தெருவில் மற்றவர்கள் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதன்கிழமை அந்தத் தெருவில் எல்லாக் கதவுகளும் பூட்டியிருந்தன. வாசல்களில் பால் பாக்கெட்டுகள் எடுப்பாரின்றிக் கிடந்தன. எங்கே போனார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி கட்டை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவளுடையது.

“இதுக்கும் போட்டுடுங்கம்மா.”

“என் கையால போட மாட்டேன் சார்.”

“சரி” என்று தன் பேனாவை எடுத்து, அளவுகோல் வைத்ததுபோல் நிதானமாகக் கோடு கிழித்தார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். யாரும் நிமிரவில்லை. நேராகத் தம்பியின் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பு வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. எங்கே போனார்கள் என்று அலுவலகத்தில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.