மதிப்பீட்டுக்குப் பழக்கிய பாடம்

"சேர், அவையள் வரேக்கை வாசிக்கத் தெரியாத பிள்ளையளை எங்கை இருத்துறது?"

கேட்டவர் ஐந்தாம் தரத்துச் சுகந்தினி ரீச்சர். சாவகச்சேரியிலிருந்து விலகி மணல் ஒழுங்கைக்குள் இருக்கும் ஒரு சின்ன ஆரம்பப் பாடசாலை அது. வெளிவாரி மதிப்பீட்டுக் குழு வர இருந்தது. அதற்கு ஆசிரியர்களைத் தயார்படுத்தும் பட்டறை நடத்த ஆசிரிய ஆலோசகரான நான் போயிருந்தேன். சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. நான் சுவரில் ஒட்டுகிற தாள்களை அது பிய்த்தது. திரும்ப ஒட்டினேன்.

"முன்வரிசையிலை இருத்துங்கோ" என்றேன். "மறைச்சால் உங்களுக்குத்தான் நட்டம்."

அந்த வகுப்பில் சில பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டவே தெரியாது. அவர்களைத் தனியே இருத்திப் படிப்பிக்க இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று ரீச்சர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். 'மதிப்பீட்டு அறிக்கையில் தேவை என்று வரட்டும், பார்ப்போம்' என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

பாடசாலை அதிபர் எழும்பினார்.

"நீங்கள் சொல்லிப்போட்டு மோட்டச்சைக்கிளிலை ஏறிப் போயிடுவியள். வாசிப்புப் போதாது எண்டு அறிக்கையிலை விழுந்தால், அடுத்த நாளே தாய் தேப்பன்மார் பிள்ளையளை மாத்த விடுகைப் பத்திரம் கேட்டு வாசலிலை நிப்பினம். ரவுண் பள்ளிக்கூட வான் இப்பவே பிள்ளையளை ஏத்த ஒழுங்கை முகப்பிலை வந்து நிக்குது. பிள்ளையள் போனால் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்போடுவாங்கள்."

"பூட்டாமல் வைச்சிருந்து, எழுத்துத் தெரியாமல் அனுப்புறதோ சேர்?" என்றார் சுகந்தினி ரீச்சர்.

பின்வரிசை வாங்கிலிருந்து சங்கீத ரீச்சர், "முதல் தேத்தண்ணி வரட்டும். குடிச்சுப்போட்டுச் சண்டை பிடிப்பம்" என்றார். சிரித்தோம். அதிபர் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி. உங்கடை வகுப்பு, உங்கடை விருப்பம்" என்றார் கடைசியில். அவர் சொன்னதும் பிழையில்லை. இந்த வேலையின் கொடுமையே அதுதான். இரண்டு பக்கமும் சரியாக இருக்கும். நடுவில் பிள்ளை இருக்கும்.

ஒத்திகை

மாதிரிப் பாடம் என்று ஒரு முறை எங்களிடம் உண்டு. ஒரு ஆசிரியர் தன் வகுப்புக்குப் பாடம் எடுப்பார். மற்றவர்கள் பின்னால் இருந்து குறை எழுதுவார்கள். குறைகளைத் திருத்தி அதே பாடத்தை அதே பிள்ளைகளுக்கு மீண்டும் எடுப்பார். மழைக்குக் குளம் நிரம்புவதும், கொக்குகள் வந்து இறங்குவதும்தான் சுகந்தினி ரீச்சர் எடுத்த பாடம். பின்னால் இருந்த ஒருவருக்கு ரீச்சரின் குரல் போதாது. இன்னொருவருக்குக் கரும்பலகை எழுத்துச் சிறிது. எனக்குக் கேள்விகள் போதவில்லை. ஒவ்வொரு குறைக்கும் குளம் மறுபடி நிரம்பியது, கொக்குகள் மறுபடி இறங்கின.

முன்வரிசையில் தர்சிகா இருந்தாள். தகப்பன் களப்பில் இறால் பிடிப்பவர். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளில் அவள்தான் மிகவும் பின்தங்கியவள். ரீச்சர் வாசிக்கும்போதெல்லாம் அவளுடைய உதடுகளும் அசைந்தன. பின்னால் இருந்த நாங்கள் எல்லோரும் ரீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதிப்பீட்டு நாள்

வாசலில் மாலை, சந்தனம், குங்குமம். அலுவலகத்தில் வடையும் மோதகமும். குழுத் தலைவர் மென்மையான மனிதர். ஐந்தாம் தரத்துக்குள் வந்ததும் சுகந்தினி ரீச்சர் தானாகவே சொன்னார்:

"சேர், முன்வரிசையிலை இருக்கிற பிள்ளை ஒண்டை வாசிக்கச் சொல்லுங்கோ."

தலைவர் தர்சிகாவைக் காட்டினார். பிள்ளை எழும்பியது, புத்தகத்தில் குளத்துப் பாடத்தை விரித்தது, வாசித்தது. தண்ணீர் ஓடுவதுபோல வாசித்தது. ரீச்சர் குரலை உயர்த்தும் இடத்தில் உயர்த்தியது. ரீச்சர் நிறுத்தி வகுப்பைப் பார்க்கும் இடத்தில் தானும் நிறுத்தி வகுப்பைப் பார்த்தது. நான் பக்கத்தில் நின்றேன். அதன் விரல் எழுத்தில் இல்லை, கொக்கின் படத்தில் இருந்தது.

"கெட்டிக்காரி" என்றார் தலைவர்.

"சேர், அடுத்த பக்கத்தையும் ஒருக்கால்…" ரீச்சர் பக்கத்தைப் புரட்டப் போனார்.

"என்ன ரீச்சர், உங்கடை பிள்ளையிலை உங்களுக்கே நம்பிக்கையில்லையோ?"

வகுப்பு சிரித்தது. "தேத்தண்ணி ஆறுது சேர்" என்று அதிபர் அவரை வெளியே கூட்டிப் போனார்.

தர்சிகாவின் முகம் மலர்ந்திருந்தது. "ரீச்சர், நான் பிழை விடேல்லைத்தானே?"

"இல்லையம்மா" என்றார் சுகந்தினி ரீச்சர். "ஒரு பிழையும் விடேல்லை." சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். அதில் அழிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அழித்துக்கொண்டு நின்றார்.

பிற்பகல் கலந்துரையாடலில் நான் எழுந்து சொன்னேன்: "சேர், அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு மனப்பாடமாக்கியிருக்கு."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தான் பழக்கின பள்ளிக்கூடத்தைத் தானே விழுத்தப் பாக்கிற ஆலோசகரை இண்டைக்குத்தான் காணுறன். நான் கண்டதைத்தானே தம்பி எழுதலாம்."

அதிபர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு

'வாசிப்புத் திறன் திருப்திகரம்' என்று அறிக்கை வந்தது. மேலதிக ஆசிரியருக்கான விண்ணப்பம், தேவை காணப்படவில்லை என்று திரும்பி வந்தது. பள்ளிக்கூடம் பூட்டப்படவில்லை. வருடம் முடிய அந்தப் பிள்ளைகள் ஆறாம் தரத்துக்கு நகரத்துப் பள்ளிக்கூடம் போனார்கள். ஆறாம் தரத்தில் அங்கே யாரும் அகரம் சொல்லிக்கொடுப்பதில்லை. அதே வானில் தர்சிகா ஏறிப் போவதைப் பிறகு ஒரு காலை கண்டேன். கை காட்டினாள்.

புதிதாக ஆலோசகராக வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரேயொரு பாடம். ஒத்திகை பார்த்த பிள்ளைகளிடம் ஒத்திகை பார்த்த பக்கத்தைக் கேட்காதீர்கள், கேட்கவும் விடாதீர்கள். பிள்ளை முன்பின் கண்டிராத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். போகிற ஒவ்வொரு பட்டறையிலும் இதைச் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள், கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். எழுதி முடிந்ததும் யாராவது கை உயர்த்துகிறார்கள்.

"ஓம் சேர், விளங்குது. அப்ப பிள்ளையளுக்கு எந்தக் காணாத பக்கத்தைப் பழக்கிறது?"