எனக்குத்தான் காய்ச்சல் என்றேன்

சென்ற ஐப்பசியில், மாமல்லபுரத்தில் ஒரு மங்கலான காலை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன. சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மகளுக்குப் புற்றுநோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிராக எழுப்பிவிடும் இம்யூனோதெரபி நடந்துகொண்டிருந்தது. பின்னாளில் வரன் பார்க்க வேண்டுமே என்று, ஊரில் மஞ்சள்காமாலை என்றே சொல்லி வைத்திருந்தோம்.

அன்று அவளுக்குக் காய்ச்சல். பழக்கதோஷம், நேராக மருந்துக் கடைக்குப் போய், முன்பொரு முறை வாங்கிய ஆன்ட்டிபயாட்டிக்கைக் கேட்டேன்.

"யாருக்குண்ணா?" என்றார் கடைக்காரப் பெண்.

"எனக்குத்தான்."

"ஆளப் பாத்தா கல்லு மாதிரி கீற! வேற எதுனா ட்ரீட்மென்ட் ஓடிக்கினு கீதா?"

"இல்லம்மா."

நான் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு மாத்திரையை அரைத் தூக்கத்தில் விழுங்கிய மகள், பிறகுதான் அட்டையைப் பார்த்தாள். "அப்பா, கேட்காம இத போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

உடனே மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "ஒரு மாத்திரைக்கெல்லாம் பதறாதீங்க சார். அடுத்தது குடுக்காதீங்க. ஆனா காய்ச்சல்னா மொதல்ல எங்ககிட்டதான் சொல்லணும். உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் நர்ஸ்.

வாடகைக் கார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனது. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் வருவதும் மறைவதுமாக இருந்தது. என் தோளில் சாய்ந்து தூங்குபவளின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ நல்ல நுண்ணுயிர்கள் மீன்கூட்டம்போல் நீந்துவதாகவும், நானே அங்கே விஷம் கலந்துவிட்டதாகவும் தோன்றிக்கொண்டே இருந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் எதிர்ப்புச் சக்திக்குத் துணை நிற்கின்றன. ஆன்ட்டிபயாட்டிக் அவற்றையும் அழிப்பதால், சிலருக்கு இந்தச் சிகிச்சையின் பலன் குறையலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. முழுதாக இன்னும் தெரியவில்லை. உண்மையிலேயே தேவைப்பட்டால் அவர்களே கொடுப்பார்களாம். பரிசோதித்ததில் அது சாதாரண வைரஸ் காய்ச்சல். அந்த மாத்திரைக்கு வேலையே இல்லை.

"வயித்துக்குள்ள இருக்குற என் கூட்டணியையே கலைக்கப் பாத்தியேப்பா!" என்று படுக்கையிலிருந்து சிரித்தாள் மகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிகிச்சை தொடர்கிறது. அந்த ஒரு மாத்திரை ஏதும் கெடுத்திருக்காது என்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் மருந்துக் கடையில் சொன்ன பொய்தான் நினைவுக்கு வருகிறது. ஊரிடமிருந்து மறைப்பதாக நினைத்துக்கொண்டு, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கேள்வியைக் கேட்ட கடைக்காரப் பெண்ணிடமும் அல்லவா மறைத்தேன்!